கடைக்குப் போகிற வண்டி மலைக்குப் போகக்கூடாதா?

நாங்கள் ஏற்காட்டில் போய் இறங்கும் முன்பே செய்தி சேலத்தில் இறங்கிவிடும். கோரிமேட்டில் யாராவது பார்த்திருப்பார்கள். அல்லது அடிவாரத்து டீக்கடையில் பழைய மாணவன் எவனாவது வணக்கம் வைத்திருப்பான். சாயங்காலம் நாத்தனாரிடமிருந்து போன் வரும். "அண்ணனுக்குத்தான் புத்தி இல்ல, உங்களுக்குமா அண்ணி?"

எனக்கு 64 வயது, என் வீட்டுக்காரருக்கு 67. மாதம் இரண்டு மூன்று முறை, அதுவும் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, அஸ்தம்பட்டியிலிருந்து பைக்கில் கிளம்புவோம். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. மேலே ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, ஒரு காபி. கால் ஒத்துழைத்தால் பகோடா பாயின்ட் வரைக்கும் ஒரு சுற்று. நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து வாசலில் காயப்போட்ட துணியை எடுத்துவிடுவேன். எங்கள் குற்றம் மொத்தமும் இவ்வளவுதான்.

"வயசுக்குத் தகுந்த மாதிரி இருங்க" என்பது தீர்ப்பு. விரித்துக் கேட்டால் காரணங்கள் வரும். இந்த வயதில் எலும்பு உடைந்தால் கூடாது. கண் பழைய கண்ணில்லை. நாளைக்கு ஒன்று ஆனால் பிள்ளைகள்தான் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். இதைச் சொல்பவர்கள் யாரும் பொல்லாதவர்கள் இல்லை, அக்கறையோடுதான் சொல்கிறார்கள். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கும் அதுதான் காரணம். வைகிறவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம், அக்கறைப்படுகிறவர்களுக்குச் சொல்வதுதான் பாடு.

முதலில் ஒரு பழைய கணக்கு. 1988லிருந்து பத்தொன்பது வருடம் நான் டி.வி.எஸ். 50 ஓட்டித்தான் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். 1980ல் ஓசூரில் தயாராகி வந்த அந்த மொபெட்டுக்கு இரண்டு பேர் உட்காரலாம் என்பதுதான் பெருமை. எங்கள் வீட்டில் அது மூன்று பேர் வண்டி. முன்னால் மகன் நிற்பான், பின்னால் மகள் என் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள், கைப்பிடியில் சாப்பாட்டுக்கூடை ஆடும். போக 14, வர 14 கிலோமீட்டர். மழை நாளில் லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கி இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டாம் தடவை விழுந்து ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தபோது மாமியார் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்கு ஸ்கூலுக்குப் போக முடியுமா?" அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஹெல்மெட் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததாக எனக்கு நினைவில்லை.

அது அந்தக் காலம் என்பீர்கள். இந்தக் காலத்துக்கே வருகிறேன். தினமும் காலை எட்டரை மணிக்கு, அஞ்சு ரோட்டு நெரிசலில், டவுன் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து, ஏழு வயதுப் பேரனை இதே பைக்கில் உட்காரவைத்துப் பள்ளியில் விட்டுவருகிறவர் இதே 67 வயதுக்காரர்தான். எலும்பும் அதே எலும்பு, கண்ணும் அதே கண். அதற்கு யாரும் போன் போட்டுப் புத்தி சொன்னதில்லை. "அப்பா, நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸ், எட்டேகாலுக்கே வந்துடுங்க" என்றுதான் போன் வரும். கேஸ் சிலிண்டர் பதிவு, ரேஷன் கடை, சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம், மருமகனின் கொரியர் எல்லாவற்றுக்கும் அந்த வண்டி ஓடலாம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேல், எதிரில் வண்டி அதிகம் வராத மலைப்பாதையில் ஓடினால்தான் ஆபத்து.

ஆக, பயம் வண்டியைப் பார்த்து வந்ததில்லை, வயதைப் பார்த்தும் வந்ததில்லை. வேலை ஒன்றும் இல்லாமல், சும்மா, பிடித்திருக்கிறது என்பதற்காகப் போகிறார்களே என்பதுதான் உறுத்துகிறது. அதை அப்படியே வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் எலும்பைத் துணைக்கு அழைக்கிறார்கள்.

இது என் கற்பனை இல்லை, சோதித்தே பார்த்துவிட்டேன். முதல் ஒரு வருடம் நாங்கள் யாரிடமும் ஏற்காடு என்று சொல்லவில்லை, "சேர்வராயன் கோயிலுக்குப் போறோம்" என்றோம். மலையுச்சியில் குகைக்குள் இருக்கிற கோயில் அது, சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள், மே மாதம் திருவிழா. ஊரிலிருந்து பார்த்தால் ஏற்காட்டையும் தாண்டிப் போக வேண்டும், பாதையும் இன்னும் குறுகல். பாதுகாப்புதான் கவலை என்றால் எதிர்ப்பு கூடியிருக்க வேண்டும் அல்லவா? நாத்தனார் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டு வாங்க." எலும்பு, கண், பிள்ளைகளின் வேலை எல்லாம் திருநீற்றுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டன. அரசாங்கமும் இதற்கு விலக்கில்லை. அறுபதைக் கடந்தவர்களை ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு அறநிலையத்துறை செலவில் அழைத்துப் போகிறார்கள், நல்ல காரியம். ஆனால் மூத்த குடிமக்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்த ரயில் கட்டணச் சலுகையை, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் நிறுத்தியது ரயில்வே. கொரோனா போயிற்று, சலுகை திரும்பி வரவில்லை.

மரபு என்று பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. வானப்பிரஸ்தம் என்று எதைச் சொன்னார்கள்? பேரப்பிள்ளை பிறந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டை விட்டுக் காட்டுக்குப் போவதைத்தானே? ஏரியும் காடும் சேர்ந்ததுதான் ஏற்காடு என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். சாஸ்திரப்படி நாங்கள் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். இன்னொன்று, தமிழர்கள் கும்பிடுகிற ஒரே பாட்டி ஊர்சுற்றிப் பாட்டி. ஔவையார் ஒருவரல்ல, வெவ்வேறு காலத்தில் பலர் இருந்தார்கள் என்கிறது இலக்கிய வரலாறு. ஆனால் சனங்கள் அத்தனை பேரையும் ஒரே கிழவியாக்கி, கையில் ஒரு கோலையும் கொடுத்து, ஊர் ஊராக நடக்கவிட்டார்கள். அதியமான் நெல்லிக்கனி கொடுத்த தகடூர் வேறெங்கோ இல்லை, இந்த மலைக்கு வடக்கே இருக்கிற தருமபுரிதான். நெல்லிக்கனியை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து சன் டிவி பார்க்கச் சொல்லி யாரும் ஔவையிடம் கேட்கவில்லை.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் கட்சி தோற்றுவிடும். 2022ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் நூற்றுக்கு 44.5 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், அந்த ஒரு வருடத்தில் 64,105. பலியானவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் 18லிருந்து 45 வயதுக்குள் இருந்தவர்கள். கிழவர்கள் குறைவாக ஓட்டுவதால் குறைவாகச் சாகிறார்கள் என்று நீங்கள் மடக்கலாம், அது நியாயம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கணக்கைக் காட்டி எந்த வீட்டிலாவது முப்பது வயதுப் பையனிடம் "வண்டியைத் தொடாதே" என்கிறார்களா? பார்த்து ஓட்டு என்கிறார்கள். எங்களுக்கும் அதைச் சொன்னால் போதும்.

பார்த்து ஓட்டுவது என்றால் என்ன என்று சொல்கிறேன். அவரிடம் 1987ல் வாங்கிய புல்லட் இருந்தது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வண்டி 160 கிலோவுக்கு மேல். ஓய்வுபெற்ற வருடம் அதை மெயின் ஸ்டாண்டில் ஏற்ற முடியாமல் ஒரு நாள் வாசலிலேயே திணறி நின்றார். நான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன். அடுத்த மாதம் அவராகவே விற்றுவிட்டார். விற்ற அன்று ராத்திரி சாப்பிடவில்லை. இப்போதைய வண்டி 125 சிசி, ஏறக்குறைய 50 கிலோ குறைவு, ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற வகை. 2019ல் இந்த அளவு புது வண்டிக்கெல்லாம் அது கட்டாயமானது. ஆனால் இதில் கியர் இடது கால், பிரேக் வலது கால். முப்பது வருடப் பழக்கம் காலில் ஏறிக் கிடக்கிறது. அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தால் கதை முடிந்தது. இரண்டு வாரம் காலி மைதானத்தில் வட்டமடித்துப் பழகினார், எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி. அதற்குப் பிறகுதான் மலை.

மலையில் எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பார்கள் லாரிக்காரர்கள். அதை அவர் வேதமாக வைத்திருக்கிறார். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற இளவட்டங்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகி, வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். அது தெரிந்து ஒதுங்கி நிற்கிறவர்கள் பெரும்பாலும் நரைத்தவர்கள்தான். மூடுபனி இறங்கினால் நாங்கள் ஓரமாக டீக்கடையில் உட்கார்ந்துவிடுவோம். எங்களுக்கு எந்த மீட்டிங்கும் இல்லையே.

சட்டம் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸை ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பிப்பார்கள், ஒவ்வொரு தடவையும் டாக்டரின் சான்று வேண்டும். அதாவது, பரிசோதித்துப் பார், தகுதி இருந்தால் ஓட்டு என்கிறது சட்டம். பரிசோதிக்காமலே தகுதியில்லை என்பது சொந்தக்காரர்கள் மட்டும்தான்.

என் பங்குக்கு நான் விட்டது இரண்டு. பூவும் சேலையும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். தலைக்காயத்தை ஏறக்குறைய 69 சதவீதமும் சாவை 42 சதவீதமும் அது குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் புருஷன் ஹெல்மெட்டோடும், பெண்டாட்டி மல்லிகைப்பூவோடும் போவார்கள். யார் தலை வீட்டுக்கு வேண்டும் என்பது தெருவுக்கே தெரியும். ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருவதையும் விட்டுவிட்டேன். வளைவில் வண்டி சாயும்போது அப்படி உட்கார்ந்தால் நம் எடை ஒரு பக்கமாகவே இழுக்கும், ஓட்டுகிறவர் அதையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார சுடிதார் தைத்தேன். "இந்த வயசுல சுடிதாரா டீச்சர்?" என்று பக்கத்துவீட்டு அம்மா கேட்டார். கவனியுங்கள், பாதுகாப்புக்காகச் செய்த காரியத்துக்குத்தான் அதிகப் பேச்சு வாங்கினேன். அக்கறை எலும்பின் மேல் இருந்தால் அந்தச் சுடிதாருக்கு மாலை போட்டிருக்க வேண்டும்.

"போறதுதான் போறீங்க, கார்ல போகலாமில்ல?" இது மகன். பெங்களூரிலிருந்து வரும்போது அவனே அழைத்துப் போயிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை. ஆறாவது வளைவில் பேத்தி வாந்தி எடுத்தாள். ஏரிக்கரையில் கார் நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம். கண்ணாடியை இறக்கினால் குரங்கு கையை விடும் என்று ஏசியைப் போட்டு மூடிவிட்டான். மலை பூராவும் சினிமா மாதிரி கண்ணாடிக்கு வெளியே ஓடிற்று. அவன்மேல் குறை இல்லை, அவனுக்கு ஞாயிறு ஒன்றுதான் கிடைக்கும். எங்களுக்குச் செவ்வாய் இருக்கிறது. ஓய்வூதியத்தில் எனக்குக் கிடைத்த பெரிய தொகை இந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை பெய்து, எட்டு ஒன்பது நாள் கழித்துப் போனால் காபித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும். மல்லிகைக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய வாசனை. இரண்டு மூன்று நாள்தான் இருக்கும், அப்புறம் பழுப்பாகிவிடும். நாகலூர்ப் பக்கம் பைக்கில் போகும்போது அந்த வாசனை திடீரென்று ஒரு வளைவில் வந்து மோதும், அடுத்த வளைவில் இருக்காது. இதை வாழ்க்கையில் முதல் தடவை 59 வயதில் முகர்ந்தேன். பிறந்து வளர்ந்தது 30 கிலோமீட்டர் தூரத்தில்.

பள்ளித் தோழிகளின் ஒன்றுகூடல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் இதே வழக்கு. அவருடைய பள்ளித் தோழர்கள் ஒருவரை ஒருவர் ஒரே மாதத்தில் தேடிப் பிடித்துவிட்டார்கள். 1977ல் என்னோடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்களைத் தேட எங்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. ஆண்களுக்குப் பள்ளிப் பதிவேட்டில் இருந்த பெயர் அப்படியே இருக்கிறது. எங்களுக்கு இனிஷியல் மாறியது, ஊர் மாறியது, சிலருக்குப் புகுந்த வீட்டில் பெயரையே மாற்றிவிட்டார்கள். கண்டுபிடித்த பிறகும் பாதிப் பேர் வரவில்லை. ஒருத்திக்கு மகள் பிரசவம், ஒருத்திக்குப் பேரனுக்குப் பரீட்சை, ஒருத்திக்கு மாமியார். 62 வயதில் மாமியாரிடம் அனுமதி! வந்த எட்டுப் பேரில் ஒருத்தி, உறவுக்காரக் கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அதற்கேற்ப பட்டுப்புடவையும் நகையுமாக ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தாள். பட்டுப்புடவையோடு படகில் ஏறினாள், மிதிக்கிற படகு. நாங்கள் சிரித்த சிரிப்பில் படகு கரைக்கு வரவில்லை. ஆண்கள் ஒன்றுகூடினால் 'மலரும் நினைவுகள்' என்கிறார்கள். நாங்கள் கூடினால் "வீட்ல யாரு பாத்துக்கறா?" என்கிறார்கள்.

எதிர்ப்பவர்களை விட்டுவிட்டு, புகழ்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை. "67 வயது இளைஞர்", "இந்த வயசுலயும் எவ்வளவு ஆக்டிவ் பாருங்க" என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அடிவாரத்தில் ஒரு பையன் எங்களை நிறுத்தி வீடியோ கேட்டான். நல்ல பிள்ளை, ஆனால் நான் மாட்டேன் என்றுவிட்டேன். அவர் இளைஞர் இல்லை, முழங்காலில் தைலம் போடாமல் தூங்காத கிழவர். கிழவர் மலைக்குப் போகலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. அவரை இளைஞராக்கினால்தான் போக விடுவீர்கள் என்றால் அதுவும் நாத்தனார் கட்சிதான், வேறு வாசல் வழியாக. உடம்புக்கு நல்லது, மூளைக்கு நல்லது என்று எங்களுக்காக வக்காலத்து வாங்குகிறவர்களும் வேண்டாம். பைக்கின் பின்னால் உட்கார்ந்து பஜ்ஜி தின்னப் போவது உடற்பயிற்சி ஆகாது. எனக்கு அது பிடித்திருக்கிறது. மருந்துச் சீட்டு எழுதித்தான் அதை நியாயப்படுத்த வேண்டுமா?

இத்தனை வீராப்பும் ஓர் இடத்தில் தடுமாறுகிறது, அதை மறைக்க எனக்கு மனமில்லை. மேலே ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மலையாளிப் பாட்டியிடம் கொய்யாவோ பேரிக்காயோ வாங்குவேன். மலையாளி என்றால் கேரளாக்காரர் அல்ல, இந்த மலையின் பழங்குடி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். பருவத்தில் காபிப்பழம் பறிக்கப் போவார், மற்ற நாளில் கூடை. ஊரிலிருந்து கூடையோடு நடந்தே வருகிறார். அந்த எலும்பைப் பற்றி யாருக்கும் கவலை இருந்து நான் கேட்டதில்லை. இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் என்று 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னின் பெயரைச் சொல்கிறார்கள். பறித்த கைகளுக்குப் பெயர் இல்லை. வெள்ளைக்காரன் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று மூன்று வைத்தான். கிழவிக்கு வைக்கவில்லை என்று பாட்டியிடம் வேடிக்கையாகச் சொன்னேன். லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் முழுக்கத் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணை வரைக்கும். "நீங்க போயிருக்கீங்களா ஆயா?" என்றேன். "காய் வித்திருக்கேன் கண்ணு, அங்க" என்றார். "பாத்ததில்லையா?" "பாக்கறதுக்கு எங்க நேரம்?"

நான் இவ்வளவு எழுதியதும் மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்து விழுகிற தைரியத்தில்தான். அந்தப் பாட்டிக்கு வேலையை விடு என்று சொல்ல ஆளில்லை, வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார் என்று சொல்லவும் ஆளில்லை. அதற்காக நான் வீட்டில் உட்கார்ந்தால் அவர் கூடை இறங்குமா என்றால், இறங்காது. ஆனாலும் பஜ்ஜி தின்னும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

என் வீட்டுக்காரருடைய லைசென்ஸ் அடுத்த வருடம் முடிகிறது. போன வாரம் முன்கூட்டியே கண்ணைக் காட்டினோம். இடது கண்ணில் புரை ஆரம்பம், பகலில் ஓட்டத் தடையில்லை, இருட்டினால் வேண்டாம், லைசென்ஸுக்குச் சான்று வாங்குவதற்குள் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர். தேதி குறிக்கும்போது மட்டும் ஒன்று கேட்டுக்கொண்டோம். மார்ச், ஏப்ரல் வேண்டாம், காபி பூத்து முடியட்டும் என்று. டாக்டர் பஞ்சாங்கம் பார்க்கிறவர்களைத்தான் பார்த்திருப்பார் போல. ஒரு தடவை நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஜூன் என்று எழுதினார்.